தொல்பொருள் காத்த பேரறிஞர் சர் ஜான் மார்ஷல்

மண்ணுள் மறைந்தவற்றை வெளிக்கொணர்தல் அரிய தொண்டு. வெளிப்பட்டவற்றை அழியாது காத்தல் அதனினும் அரிய தொண்டு. இவ்விரண்டனையும் ஒருங்கே ஆற்றியவர் ஆங்கிலப் பேரறிஞர் சர் ஜான் மார்ஷல் ஆவர்.

இவர் 1876-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டுச் செஸ்டர் நகரிற் பிறந்தார். கேம்பிரிட்ஜிற் கல்வி பயின்று, கிரீட் தீவின் அகழ்வுகளிற் பயிற்சி பெற்றார். கர்ஸன் பிரபுவின் ஆட்சிக் காலத்தில், 1902-இல், இந்தியத் தொல்பொருள் துறைக்குத் தலைவராக அமர்ந்து, 1928 வரை அப்பொறுப்பை வகித்தார். பழஞ்சின்னங்களைக் காக்கும் சட்டம் 1904-இல் இவர் காலத்திலேயே இயற்றப்பெற்றது. தட்சசீலத்தை இருபதாண்டுகட்கு மேலாக அகழ்ந்தாய்ந்தார். சிதைந்து கிடந்த சாஞ்சித் தூபிகளைச் செப்பஞ் செய்வித்தார்.

1921-இல் தயாராம் சாஹ்னி அரப்பாவினை அகழ்ந்தார். அடுத்த ஆண்டில் ராகல்தாஸ் பானர்ஜி மொகஞ்சதாரோவினை அகழ்ந்தார். ஏறத்தாழ 400 மைல் இடையிட்ட அவ்விரண்டிடத்தும் ஒரே வகையான முத்திரைகள் கிடைத்தன. அவற்றை ஒப்புநோக்கிய மார்ஷல், அவை ஒரே நாகரிகத்தின் எச்சங்கள் எனத் தெளிந்து, 1924 செப்டம்பரில் உலகறிய வெளியிட்டார்.

யானை, புலி, காண்டாமிருகம், எருமை ஆகியன சூழ, கொம்புடைய முடியணிந்து யோக இருக்கையில் அமர்ந்த ஓர் உருவம் மொகஞ்சதாரோ முத்திரையொன்றிற் காணப்பட்டது. பசுபதியாகிய சிவபெருமானின் தொல்வடிவம் அது என இவர் 1931-இல் வெளிவந்த நூலிற் கருத்துரைத்தார். பின்வந்த அறிஞர் பலர் வேறுபடக் கூறுவர். அம்முத்திரை எழுத்துக்களும் இன்னும் ஐயமறப் படிக்கப்பெறவில்லை. ஆதலின் அதனை முடிந்த முடிபாகக் கொள்ளாது, ஓர் அறிஞரின் கருத்தாகக் கொள்ளுதலே முறை.

1923-இல் இவர் வெளியிட்ட பாதுகாப்புக் கையேடு திருப்பணி செய்வோர் அனைவரும் உளங்கொள்ளத் தக்கது. பழங்கட்டிடத்தைப் புதுக்குதலினும் உள்ளதை உள்ளவாறே காத்தலே முதற்கடன் என்பது அதன் கருத்து. வழிபாடு நிகழும் இடங்களில் இன்றியமையாதபோது கூடுதலாகப் புதுப்பித்தல் வேண்டும் என்பதனையும் அது மறுக்கவில்லை.

மார்ஷல் 1958-இல் மறைந்தார். அவர் வலியுறுத்திய நெறியோ என்றும் வேண்டப்படுவது. சுண்ணத்தால் மறைந்த கல்லெழுத்து ஒருநாள் வெளிப்படலாம். உளியாலும் மணல்வீச்சாலும் தேய்ந்த எழுத்து மீளாது. முன்னோர் விட்ட நிலமும் விளக்கும் அவ்வெழுத்துக்களாலேயே அறியப்படுகின்றன. முன்னை அறவோரின் எழுத்தைக் காத்துத் தம் அறத்தையும் அதனோடு சேர்ப்பவரே திருப்பணியை நிறைவுறச் செய்தவராவர்.