பென்னிகுவிக்: கதையும் கணக்கும்

கம்பம் பள்ளத்தாக்கில் பொங்கல் கொண்டாட்டம் ஜான் பென்னிகுவிக்கின் பிறந்தநாளோடு சேர்ந்தே வருகிறது. புனேயில் 1841 ஜனவரி 15 அன்று பிறந்த அவர், ஏழு வயதில் தந்தையையும் அண்ணனையும் ஒரே நாளில் சில்லியன்வாலா போரில் இழந்தார். இங்கிலாந்தின் அடிஸ்கம்ப் ராணுவக் கல்லூரியில் பயின்று, பொறியாளராகச் சென்னை மாகாணத்துக்கு வந்தார்.

மேற்கே பாயும் பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, வைகைக்குத் திருப்பும் யோசனை அவருக்கு முன்பே இருந்தது. செலவை எண்ணி அரசு பல்லாண்டுகள் தயங்கியது. 1876-78 பஞ்சத்துக்குப் பிறகு அந்தத் தயக்கம் குறைந்தது. திட்டத்தையும் மதிப்பீட்டையும் திருத்தும் பொறுப்பு 1882-இல் பென்னிகுவிக்கிடம் வந்தது. 1886-இல் திருவிதாங்கூருடன் ஒப்பந்தமாகி, மறுஆண்டு பணி தொடங்கியது. வெள்ளம் கட்டுமானத்தை அடித்துச் சென்றது. காய்ச்சலிலும் விபத்திலும் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் மாண்டனர். 1895 அக்டோபர் 10 அன்று ஆளுநர் வென்லாக் அணையைத் திறந்துவைத்தார். 1911-இல் கேம்பர்லியில் பென்னிகுவிக் காலமானார்.

அரசு கைவிட்டதால் அவர் தன் சொத்துகளை விற்று அணையைக் கட்டினார் என்ற கதை இன்று வாட்ஸ்அப்பில் வரலாறாகவே உலவுகிறது. உண்மையில் முல்லைப் பெரியாறு சென்னை அரசின் பொதுப்பணத்தில் எழுந்தது. அவருடன் பணியாற்றிய ஏ.டி.மெக்கன்சி அந்தத் திட்டத்தின் வரலாற்றை 1899-இலேயே நூலாக்கிவிட்டார். பொய்க்கதை பென்னிகுவிக்குக்குப் பெருமை சேர்க்கவில்லை. வரி செலுத்திய மக்களையும் உயிரிழந்த தொழிலாளர்களையும் மறைக்கிறது. தயங்கிய அரசைச் செலவுக்கு இணங்கவைத்து, இடர்களுக்கிடையே பணியை முடித்ததே அவரது சாதனை.

அதே பள்ளத்தாக்கையொட்டிய பொட்டிப்புரத்தில், சுமார் 1,500 கோடி ரூபாய் மதிப்பிலான நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015-இல் ஒன்றிய அரசு ஒப்புதல் தந்தது. காடு, நீர், அணை குறித்த நியாயமான கேள்விகளும் ஆதாரமற்ற அச்சங்களும் சமூக ஊடகங்களில் ஒன்றாகக் கலந்தன. வதந்திக்குத் தடைச்சட்டம் மருந்தாகுமா? அரசைப் பற்றிய செய்திகளின் உண்மையை அரசே தீர்மானிக்க வழிசெய்த 2023-ஆம் ஆண்டு விதியை, மும்பை உயர் நீதிமன்றம் 2024-இல் ரத்து செய்தது. வழக்காடுபவரே நீதிபதியாக முடியாது.

அரசு செய்யத்தக்கது வேறு: செலவுக் கணக்கையும் ஆய்வறிக்கைகளையும் தமிழில், உரிய நேரத்தில், ஊர் மக்கள் முன் வைப்பது. கணக்கு மூடிக்கிடக்கும் இடத்தில்தான் கதை வளர்கிறது. பென்னிகுவிக்கின் படத்துக்கு மாலையிடும் மக்களுக்கு அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை உண்டு.