கேள்வி கேட்ட மாமேதை

பள்ளி திறக்கும் முதல் நாளில் புதுப் புத்தகத்தின் முதல் பாடத்தைப் புரட்டுவதே நம் வழக்கம். ஆனால் விஞ்ஞானம் புத்தகத்தில் தொடங்குவதில்லை, கண்ணில் தொடங்குகிறது. இதைத் தம் வாழ்வால் காட்டியவர் சர் சி. வி. இராமன் ஆவார்.

இராமன் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் சந்திரசேகர ஐயருக்கும் பார்வதி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1907-இல் கல்கத்தாவில் அரசாங்க நிதித்துறை அதிகாரியானார். பகலில் அலுவலகக் கணக்கு. ஓய்வு நேரமெல்லாம் ஆராய்ச்சி! 1917-இல் அந்த உயர்ந்த உத்தியோகத்தையே துறந்து, குறைந்த சம்பளத்தில் பேராசிரியரானார்.

1921-இல் இங்கிலாந்து சென்று கப்பலில் திரும்புகையில், மத்தியதரைக் கடலின் நீலம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. வானத்தின் நீலமே கடலில் பிரதிபலிக்கிறது என்பது ராலே பிரபு என்னும் பேரறிஞரின் கருத்து. பெரியவர் சொல்லிவிட்டாரே என்று இராமன் வாளாவிருக்கவில்லை. பிரதிபலிப்பைத் தடுக்கும் சிறு பட்டகத்தின் வழியே கடலை நோக்கினார். நீலம் மறையவில்லை, முன்னிலும் நன்றாகத் தெரிந்தது! நீரே ஒளியைச் சிதறச் செய்கிறது எனத் தெளிந்தார். நீர் சிவப்பொளியை உறிஞ்சுவதும் முக்கிய காரணம் என்பதை இன்று நாம் அறிவோம். அன்று எழுந்த கேள்வியே 1928 பிப்ரவரி 28-இல் இராமன் விளைவாக மலர்ந்து, 1930-இல் நோபல் பரிசாகக் கனிந்தது.

அத்தகைய மேதையும் ஒன்றில் தவறினார். 1933-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராயிருந்தபோது, கமலா பாகவத் என்னும் மாணவியைப் பெண் என்பதற்காகவே சேர்க்க மறுத்தார். கமலா நேரில் சென்று வாதாடினார். ஓராண்டு பரீட்சார்த்தமாக இடம் கிடைத்தது. அவர் உழைப்பைக் கண்ட இராமன் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். மற்றப் பெண்களுக்கும் கதவு திறந்தது. கமலா 1939-இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். சான்று கண்டபின் கருத்தைத் திருத்திக்கொள்வதும் விஞ்ஞானமே அன்றோ!

1968-இல் அகமதாபாதில், வானம் ஏன் நீலம் என்பதையே பொருளாகக்கொண்டு இராமன் சொற்பொழிவாற்றினார். 1970 நவம்பர் 21-இல் மறைந்தார். பிப்ரவரி 28 தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடப்படுகிறது.

தோழியரே! வரும் ஜூனில் முதல் வகுப்பை இப்படித் தொடங்குவோமா? கண்ணாடித் தம்ளரில் நீர், அதில் சில துளி பால், இருண்ட அறை, ஒரு டார்ச் விளக்கு. என்ன நிறம் தெரியும் என்று முதலில் ஒவ்வொருவரும் எழுதிவைப்போம். பிறகு ஒளியைப் பாய்ச்சுவோம். பக்கவாட்டில் இளநீலம், எதிர்ப்புறத்தில் மஞ்சள் கலந்த சிவப்பு! எழுதியதையும் கண்டதையும் ஒப்பிடுவோம்.

கேள்விகளுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. ஆம்பூரிலிருந்து பார்த்தால் ஜவ்வாது மலை நீலம். அருகே சென்றால் பச்சை. ஏன்? ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிய தோல் அழுகாதிருப்பது ஏன்? மதிப்பெண்ணுக்காக விடையை மனப்பாடம் செய்வதோடு நில்லாமல், கேட்கவும் சோதிக்கவும் கற்போம். அடுத்த கமலா நம் வகுப்பிலிருந்தே வரட்டும்!