கம்பைலரை யாரும் நம்பாத காலம்: கிரேஸ் ஹாப்பர் என்ன செய்தார்?

2020 ஏப்ரல், கொரோனா ஊரடங்கு நேரம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாகாணத்தில் வேலையிழந்த லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார்கள். பழைய கணினி அமைப்பு திணறியது. கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வர வேண்டும் என்று மாகாண ஆளுநரே கேட்டுக்கொண்டார்.

இந்த கோபால் நம்ம ஊர் ஆள் பெயர் இல்லை. 1959-ல் உருவாகத் தொடங்கிய கணினி மொழி. அதற்கு அடித்தளம் போட்டவர் 1992-லேயே காலமாகிவிட்டார். யார் அவர்?

கடிகாரத்தைப் பிரித்த சிறுமி

கிரேஸ் ஹாப்பர் 1906 டிசம்பர் 9 அன்று நியூயார்க்கில் பிறந்தார். ஏழு வயதில், அலாரம் கடிகாரம் எப்படி ஓடுது என்று தெரிந்துகொள்ள ஒன்றைப் பிரித்துப் போட்டார். புரியவில்லை. வீட்டிலிருந்த மற்ற கடிகாரங்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்தார். விஷயம் தெரிந்ததும் அம்மா முழுசா தடை போடவில்லை. இனிமேல் ஒரே ஒரு கடிகாரம்தான் என்று அளவு வைத்தார்.

1934-ல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்று, வாசர் கல்லூரியில் பேராசிரியராக வேலை பார்த்தார். இரண்டாம் உலகப் போர் வந்தபோது கடற்படையில் சேர விண்ணப்பித்தார். வயது அதிகம், எடை குறைவு என்று நிராகரித்தார்கள். அவர் விடவில்லை. சிறப்பு அனுமதி வாங்கி 1943 டிசம்பரில் சேர்ந்தார்.

நோட்டில் இருந்து வந்த யோசனை

1944-ல் ஹார்வர்டில் இருந்த மார்க் 1 கணினியில் வேலை. சுமார் 51 அடி நீள இயந்திரம். கட்டளைகளைக் காகித நாடாவில் துளைகளாகப் போட்டுக் கொடுக்க வேண்டும். சரியாக வேலை செய்த கட்டளைத் தொகுப்புகளைக் குழுவினர் நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள். அடுத்த முறை தேவைப்பட்டால் அதைப் பார்த்துக் காப்பி அடிப்பார்கள். அங்கேதான் தப்பு நடக்கும். ஒரு எண் மாறினாலும் மொத்த விடையும் போச்சு.

காப்பி எடுப்பதை மனிதரைவிடக் கணினி ஒழுங்காகச் செய்யுமே, அதையும் அதனிடமே விட்டால் என்ன? 1949-ல் யுனிவாக் கணினியைத் தயாரித்துக்கொண்டிருந்த நிறுவனத்தில் சேர்ந்த ஹாப்பர், அங்கே இந்த யோசனையைச் செயல்படுத்தினார். 1952-ல் வந்த ஏ-0 கம்பைலர், நாடாவில் சேமித்த கட்டளைத் தொகுப்புகளைத் தானே எடுத்து, ஒரே புரோகிராமாகக் கோத்துக் கொடுத்தது. கணினி கணக்கு மட்டும்தான் போடும், புரோகிராம் எல்லாம் எழுதாது என்று நினைத்த பலர் அதைத் தொடக்கூட இல்லை.

அடுத்தடுத்த வடிவங்கள் வந்தன. 1953-ல் ஏ-2 வடிவம் மூல நிரலுடனேயே வாடிக்கையாளர்களுக்குத் தரப்பட்டது. மேம்படுத்தினால் எங்களுக்கும் அனுப்புங்கள் என்று நிறுவனம் கேட்டது. ஓப்பன் சோர்ஸ் என்ற பெயர் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்த விஷயம் இது.

குறியீடு வேண்டாம், சொல் போதும்

சம்பளப் பட்டியல், சரக்கு இருப்பு பார்ப்பவர்களுக்குக் கணிதக் குறியீடுகள் எதற்கு? அவர்கள் தினமும் பயன்படுத்தும் சொற்களிலேயே புரோகிராம் எழுதட்டும் என்றார் ஹாப்பர். நிர்வாகம் ஏற்கவில்லை. ஆங்கிலச் சொற்களில் வேலை செய்த மாதிரியை, பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களிலும் ஓட்டிக் காட்டினார். அமெரிக்கக் கணினிக்கு வெளிநாட்டு மொழி எப்படித் தெரியும் என்று மேலாளர்கள் மிரண்டுபோனார்கள். கணினிக்கு எந்த மொழியும் தெரியாது, எல்லாமே அதற்கு வெறும் குறிகள்தான் என்பதைப் புரியவைக்க மாதக்கணக்கில் போராட வேண்டியிருந்தது.

அதன் பலனாக வந்தது ஃப்ளோமேட்டிக். இதில் இன்னொரு முக்கியமான விஷயமும் உண்டு. தகவல் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்ற விவரம் தனி, அதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளை தனி.

கோபால் பிறந்த கதை

அன்று ஒவ்வொரு நிறுவனத்தின் கணினிக்கும் ஒரு மொழி. கணினியை மாற்றினால் புரோகிராமை முதலில் இருந்து எழுத வேண்டும். இதற்குத் தீர்வு காண 1959 மே மாதம் பென்டகனில் கூட்டம் நடந்தது. அதில் உருவான கோடாசில் அமைப்புதான் கோபாலைக் கொண்டுவந்தது. ஹாப்பர் தனியாக உருவாக்கிய மொழி இல்லை இது. ஜீன் சாமெட் உள்ளிட்ட பலர் சேர்ந்து வடிவமைத்தார்கள். ஹாப்பர் ஆலோசகர். ஆனால் ஃப்ளோமேட்டிக்தான் அதன் முக்கிய அடித்தளம். 1960 டிசம்பரில் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகளில் ஒரே கோபால் புரோகிராம் ஓடிக் காட்டியது.

டேட்டாபேஸ் பக்கமும் கோடாசில் போனது. 1960-களின் பிற்பகுதியில் அதன் ஒரு குழு, கோபால் புரோகிராம்கள் டேட்டாபேஸைக் கையாளும் முறையை வகுத்தது. 1970-ல் ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட் முன்வைத்த அட்டவணை முறையில் இருந்து பின்னர் எஸ்க்யூஎல் வந்தது.

ஹாப்பர் 1966-ல் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டே, கோபாலைத் தரப்படுத்த ஆறு மாதத்துக்கு வாங்க என்று கடற்படை திரும்ப அழைத்தது. அந்த ஆறு மாதம் கிட்டத்தட்ட 19 ஆண்டுகளாக நீண்டது. ஒரு கம்பைலர் தரவிதிகளின்படி நடக்கிறதா என்று சோதிக்கும் புரோகிராம்களை அவரது குழு உருவாக்கியது. 1986-ல், 79 வயதில், ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றார். 1992 ஜனவரி 1 அன்று காலமானார்.

இன்று உங்கள் லேப்டாப்பில்

கோபால் கற்க இன்று மெயின்பிரேம் தேவையில்லை. குனுகோபால் என்ற இலவச கம்பைலர் போதும். அது கோபாலை முதலில் சி மொழிக்கு மாற்றும். பிறகு சி கம்பைலர் அதைக் கணினிக்குப் புரியும் வடிவத்துக்குக் கொண்டுபோகும்.

டேட்டாபேஸுடன் இணைப்பது எப்படி? எக்ஸெக் எஸ்க்யூஎல், எண்ட் எக்ஸெக் என்ற இரண்டு அடையாளங்களுக்கு நடுவே எஸ்க்யூஎல் கட்டளையை எழுத வேண்டும். கோபால் கம்பைலருக்கு எஸ்க்யூஎல் தெரியாது. அதனால் ப்ரீ-கம்பைலர் என்ற கருவி முதலில் அதைப் படித்து, சாதாரண கோபால் அழைப்புகளாக மாற்றித் தரும். அதன் பிறகு கம்பைல் செய்தால், போஸ்ட்கிரெஸ் போன்ற இலவச டேட்டாபேஸில் இருந்து தகவலை எடுக்கலாம், சேர்க்கலாம், திருத்தலாம்.

மனிதர் தனக்குப் புரியும் சொல்லில் எழுதட்டும், மொழிபெயர்க்கும் வேலையைக் கணினி பார்த்துக்கொள்ளட்டும் என்பதுதான் ஹாப்பர் கேட்டது. அன்று அதற்கு ஒரு பெரிய அறையே தேவைப்பட்டது. இப்போது இலவசமாக டவுன்லோடு செய்தால் போதும்.