சர்க்கரையின் ரகசியம் கண்ட எமில் பிஷர்

சர்க்கரைக்கும் வலது கை, இடது கை உண்டு என்றால் நம்புவீர்களா? கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல ஒரே பொருள் இரு வடிவில் இருக்கும். இதில் பெரும் ஆராய்ச்சி செய்தவர் ஜெர்மானிய ரசாயன மேதை எமில் பிஷர்.

1852-ம் ஆண்டு ஆய்ஸ்கிர்ஷன் என்ற ஊரில் பிறந்தார். தந்தை வியாபாரி. மகனையும் மர வியாபாரத்தில் விட்டுப் பார்த்தார். பையனுக்கு அது வரவில்லை. கடைக்கு லாயக்கில்லை, படிக்கவாவது போகட்டும் என்று அனுப்பிவிட்டார்!

சர்க்கரை ஆராய்ச்சி லேசானதல்ல. பல சர்க்கரைகள் பாகாகவே நிற்கும். எது எது என்று பிரித்தறிவது கஷ்டம். பிஷர் 1875-ல் தாம் கண்டுபிடித்த பினைல் ஹைட்ரசின் என்ற திரவத்தைச் சேர்த்தார். மஞ்சள் படிகங்கள் விழுந்தன. அவற்றைக் கொண்டு சர்க்கரைகளை இனம் கண்டார். 1891-ல் குளுகோசின் அமைப்பையே நிர்ணயித்தார். 1902-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் அந்தத் திரவம் விஷம். அது அவர் உடம்பைக் கெடுத்தது. 1895-ல் மனைவி இறந்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் மூன்று மகன்களில் இருவரும் போனார்கள். 1919-ல் பெர்லினில் பிஷரும் மறைந்தார்.

சர்க்கரையோடு புதுத் துண்டு ஒன்றைச் சேர்த்தால், அது வலது, இடது என்று சமமாக ஒட்டுவதில்லை. சர்க்கரையின் அமைப்பே பக்கத்தைத் தீர்மானிக்கிறது என்று 1894-லேயே அவர் கூறியிருந்தார். நூறாண்டு கழித்து, 1996-ல், அமெரிக்காவில் யியான் ஷி என்ற விஞ்ஞானி பழச் சர்க்கரையிலிருந்தே ஒரு கிரியா ஊக்கியைச் செய்தார். வேண்டிய கை வடிவத்தையே மிகுதியாக உண்டாக்க அது உதவுகிறது. உலோகம் எதுவும் தேவையில்லை.