விபுலாநந்த அடிகளாரும் உதவி நன்கொடையும்

துறைமுகப் பட்டினமாகிய நம் திருகோணமலையில் இந்துக் கல்லூரியைப் பேசுவோர் விபுலாநந்த அடிகளாரை மறந்து பேசுதல் இயலாது. 1892இல் காரைதீவிலே பிறந்த மயில்வாகனனார், மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரும் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியுமாய், 1924இல் துறவு பூண்டார். மறு ஆண்டு இலங்கைக்கு மீண்டு இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளின் முகாமைப் பொறுப்பை ஏற்றார். நமது கல்லூரியின் அதிபராகவும் விளங்கினார்.

பாடசாலை நடத்தப் பணம் வேண்டுமன்றோ? அந்நாளில் அரசாங்கம் பதிவுபெற்ற பாடசாலைகளுக்கு உதவி நன்கொடை வழங்கிற்று. அது பெரும்பாலும் ஆசிரியர் சம்பளத்துக்கே போயிற்று. கட்டடமும் விடுதியும் அநாதைப் பிள்ளைகளின் சோறும் ஊராரின் பாடு. அன்றியும், பாடசாலை நடந்து காட்டிய பின்னரே நன்கொடை வரும். அதுவரை தாங்குவார் யார்? தொண்டுக்கு நிதி கேட்டு இன்று விண்ணப்பம் எழுதும் இளைஞர்களுக்கும் இச்சங்கடம் புதிதன்று.

முகாமையாளர் ஒரு கையால் கந்தோருக்குக் கணக்கெழுத வேண்டும். மறு கையை ஊராரிடம் நீட்ட வேண்டும். பேரறிஞர் ஒருவர் இதனை இழிவாகக் கருதாதது, அவர் இயற்றிய யாழ்நூலுக்குக் குறைந்த பெருமை அன்று என்பது நம் எண்ணம். 1929இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் சிவாநந்த வித்தியாலயத்தையும் எழுப்பினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்துக்கொண்டன.

1947 ஜூலை 19இல் அடிகளார் மறைந்தார். சிவாநந்த வித்தியாலய வளவிலேயே சமாதி அமைந்தது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் உதவி பெற்ற பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கைக்குப் போயின. சம்பளக் கவலை தீர்ந்தது. முகாமையும் ஊராரை விட்டு நீங்கிற்று.