நோவின் அருமை கண்ட மருத்துவர்

காலில் முள் தைத்தவுடன் அக்கால் தானே தூக்கிக்கொள்கின்றது. அவ்வாறு தூக்கச் செய்வது நோவு. நோவை விரும்புவார் உலகில் ஒருவரும் இலர். ஆயினும் நோவறியாத காலில் உண்டாகும் புண் ஆண்டுக்கணக்காக ஆறாது என்னும் உண்மையைத் தமிழ்நாட்டுத் தொழுநோயாளரிடம் கற்று, உலகிற்குக் கற்பித்த பெரியார் ஒருவர் உளர். அவரே டாக்டர் பால் பிராண்டு.

இவர் 1914-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் கொல்லிமலையில் பிறந்தார். தந்தையார் ஜெசி பிராண்டும் தாயார் ஈவ்லினும் அம்மலைவாழ் மக்களிடையே தொண்டாற்றிய ஆங்கில மிஷனெரிமார். ஒன்பதாம் வயதில் கல்வியின் பொருட்டு இங்கிலாந்திற்கு அனுப்பப்பட்ட சிறுவர் தம் தந்தையாரை மீண்டும் கண்டிலர். 1929-இல் கருநீர்க் காய்ச்சல் அவருயிரைக் கொண்டது. பால் முதலில் கட்டிடத் தொழில் பயின்றார். உளியும் கரணையும் பிடித்துப் பழகிய கைகளே பின்னர் அறுவைக் கத்தியை ஏந்தின. இலண்டனில் மருத்துவம் கற்றுத் தேர்ந்து, 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை வந்தடைந்தார்.

மறு ஆண்டில், செங்கற்பட்டை அடுத்த திருமணித் தொழுநோய் நிலையத்திற்கு டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரை அழைத்துச் சென்றார். உத்திரமேரூர் முதலாய ஊர்களும் அக்காலத்தில் செங்கற்பட்டு ஜில்லாவினுள் அடங்கியவை. வரப்பிலும் கரம்பிலும் வெறுங்காலால் நடந்து பிழைக்கும் ஏழை உழவனுக்குக் காற்புண் வந்தால் உழைப்பும் போம்; அது தொழுநோய்ப் புண்ணாயின் ஊரும் உறவும் உடன் போம். அந்நிலையத்தில் விரல் மடங்கிய நோயாளி ஒருவர் கையைப் பற்றிய பிராண்டு, அப்பிடியின் வலிமை தாங்காது திகைத்தார். செத்ததென்று எண்ணிய கையில் இத்துணை வலிமை உண்டாயின், அதனைச் செப்பனிடலாமன்றோ? அன்று பிறந்த எண்ணமே நல்ல தசைநாரை எடுத்து முடங்கிய விரலில் இணைக்கும் அறுவை முறையாக வளர்ந்தது.

எனினும் செப்பனிட்ட கைகளும் புண்பட்டே திரும்பின. தொழுநோயில் தசை தானே அழுகி விழுகிறது என்பதே அந்நாளில் பலர் கொண்ட கருத்து. பிராண்டு அதனை ஏற்காது, ஒவ்வொரு புண்ணும் எவ்வாறு வந்ததென்று துருவி ஆராயலானார். துருப்பிடித்த பூட்டைத் திறக்க முயன்ற சிறுவன் ஒருவன், விரல் எலும்பு தெரியக் கிழிந்ததையும் அறியாமல் சாவியைத் திருகியதைக் கண்டார். இரவில் விரல்களை எலிகள் கடித்தும் நோயாளர் விழித்திலர் என்பதறிந்து, வீடு செல்வோர்க்குப் பூனைகளைக் கொடுத்தனுப்பினார். நரம்பு உணர்ச்சி இழந்தமையால், புண்ணின்மேலேயே மீண்டும் மீண்டும் மிதித்து நடப்பதுதான் புண் ஆறாமைக்குக் காரணம் என்பது தெளிவாயிற்று.

நோய் விளங்கவே மருந்தும் விளங்கிற்று. அது களிம்பன்று, ஓய்வு. உள்ளங்கால் முழுவதும் படியுமாறு மாவுக்கட்டுப் போட்டால், உடற்பாரம் ஓரிடத்தில் ஊன்றாது பரவும். ஆண்டுகள் ஆறாத புண் சில வாரங்களில் மூடும். இம்முறையை இலங்கை அறுவை மருத்துவர் மில்ராய் பால் முன்னரே கையாண்டிருந்தார். அதனைச் செம்மைப்படுத்திப் பரப்பியவர் பிராண்டு. ஆறிய கால் மீண்டும் புண்படாதிருக்க, மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்புகளை வேலூரிலும் கரிகிரியிலும் செய்வித்தார்.

1960-இல் லாஸ்கர் பரிசு அவரை நாடி வந்தது. 1966-இல் அமெரிக்க நாட்டின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். நீரிழிவால் உணர்ச்சி இழந்த கால்களும் அவ்வாறே புண்படுவதைக் கண்டு, தமிழ்நாட்டில் பழுத்த அறிவை அந்நோயாளர்க்கும் வழங்கினார். இன்று பன்னாட்டு மருத்துவரும் நீரிழிவுக் காற்புண்ணுக்கு அக்கட்டினையே போடுகின்றனர். 2003-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் சியாட்டில் நகரில் அவர் காலமானார்.

நம் கிராமங்களில் தொழுநோய் அருகிவிட்டது, நீரிழிவோ பெருகியுள்ளது. ஆதலின், விடுமுறையில் ஊர் செல்லும் மாணவ நண்பர்காள்! வீட்டில் நீரிழிவுற்ற பெரியோர் இருப்பின், இரவுதோறும் விளக்கொளியில் அவர்தம் உள்ளங்காலை நோக்குமின். அவர்க்கு நோவு சொல்லாததை நம் கண்கள் சொல்லக்கூடும். பிராண்டு கற்பித்த பாடத்தை இல்லந்தோறும் எவரும் எளிதிற் கைக்கொள்ளும் வழி அதுவேயாம்.