அராலி விசுவநாத சாஸ்திரியார்

யாழ்ப்பாணத்தில் பஞ்சாங்கம் இல்லாத சைவ இல்லம் அரிது. விரதம், விழா, விவாகம், சிராத்தம் ஆகிய யாவும் அதனை நோக்கியே நிகழ்வன. கிரகண காலத்தில் கோயில் எப்பொழுது திருக்காப்பிடப்படும், எப்பொழுது நீராடுவது என்பவற்றை அறிதற்கும் நம் முன்னோர் அதனையே நம்பினர். அந்நம்பிக்கையைத் தாங்கி நின்ற கணிதர்களுள் ஒருவர் அராலி விசுவநாத சாஸ்திரியார்.

அராலி பஞ்சாங்க கணிதத்திற்குப் பேர்பெற்ற ஊர். 1667ஆம் ஆண்டில் இராமலிங்க முனிவர் பஞ்சாங்கம் கணித்தது அவ்வூரிலேயே. அம்மரபில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் விளங்கியவர் சாஸ்திரியார். அவர் கணிதர் மாத்திரமல்லர், புலவருமாவர். வண்ணைக் குறவஞ்சியும் நகுலமலைக் குறவஞ்சியும் அவர் இயற்றியவை. வண்ணார்பண்ணைச் சிவனையும் கீரிமலைப் பதியையும் பாடிய அதே கை, திங்களின் நடையையும் எண்ணால் அளந்தது.

அராலிக்கு அயலிலுள்ள வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனார் 1823இல் செமினரி ஒன்றை நிறுவினர். அதன் முதல் அதிபர் டானியல் பூவர். 1816இல் யாழ்ப்பாணம் வந்த அவர், தமிழ் கற்றுத் தம் மாணவர்க்கு மேலைநாட்டு வான்கணிதமும் போதித்தார். 1829ஆம் ஆண்டு பங்குனி மாதப் பூரணையில் நிகழவிருந்த சந்திர கிரகணத்திற்குச் சாஸ்திரியார் எழுதிய கணிப்பைப் பூவர் தம் கணிப்போடு ஒப்பிட்டார். தொடங்கும் நேரத்தில் 15 நிமிடமும், நிலவும் காலத்தில் 24 நிமிடமும் வேறுபாடு காணப்பட்டன. மறைவின் அளவிலோ மூன்று அங்குலம், அதாவது மதியின் விட்டத்தில் நாலில் ஒரு பங்கு, வேறுபட்டது. நம் கணக்கிற் கூறின், தொடக்கத்தில் முப்பத்தேழரை விநாடி; கால அளவிற் சரியாக ஒரு நாழிகை.

செய்தி ஊரெங்கும் பரவிற்று. வழக்கைத் தீர்க்க வானத்தையன்றி வேறு நடுவர் இல்லை. அன்றிரவு கிரகணம் பூவர் குறித்தவாறே நிகழ்ந்தது. மிஷனார் இதனைத் தம் சமயத்திற்குக் கிடைத்த வெற்றியென எழுதி வைத்தனர். சைவ மக்களுக்கு அது நெஞ்சிற் தைத்த முள்ளாயிற்று.

எனினும் அன்று தோற்றது யாது என்பதை அமைதியாக ஆராய வேண்டும். நம் பஞ்சாங்க மரபு வாக்கிய முறையைத் தழுவியது. சந்திரனின் நாள்நடையை 248 வாக்கியங்களில் அடக்கி, கருவிகளின் துணையின்றி நினைவாற்றலாலேயே கிரகணத்தைக் கணிக்க வழிசெய்தது அம்முறை. அதன் திறம் சிறிதன்று. பிரெஞ்சு வானியலார் லெ ஜாந்தீல் புதுச்சேரியில் தங்கியிருந்தபோது தமிழ்க் கணிதர் ஒருவரிடம் இம்முறையைக் கற்றார். 1765 ஓகஸ்ட் 30ஆந் தேதிச் சந்திர கிரகணத்தின் கால அளவை அம்முறைப்படி கணிக்க, பிழை 41 செக்கனாக இருந்தது. ஐரோப்பாவிற் புகழ்பெற்றிருந்த மயரின் அட்டவணையிலோ பிழை 68 செக்கன்.

அத்தகைய முறை 1829இல் தவறியதேன்? வாக்கியங்களுக்கு அடியாகிய எண்கள் பல நூற்றாண்டுகளுக்கு முற்பட்டவை. ஆண்டுதோறும் சேரும் சிறு வேற்றுமைகள் திரண்டு நாழிகையாகும். இடையிடையே வானத்தை நோக்கித் திருத்தாவிடின் எந்த அட்டவணையும் பிழைபடும். இவ்வுண்மை நம்மவர் அறியாததன்று. கேரளத்துப் பரமேசுவரர் நெடுங்காலம் கிரகணங்களைக் கண்ணாற் கண்டு, 1431இல் திருக்கணிதம் என்னும் திருத்த முறையை வகுத்தார். எனவே 1829இல் தோற்றது தமிழர் கல்வியன்று. திருத்தப்படாது நின்ற எண்களே. பூவருக்குப் பின் செமினரியை நடத்திய ஹொய்சிங்டன், உள்ளமுடையான் என்னும் தமிழ்ச் சோதிட நூலை 1848இல் ஆங்கில மொழிபெயர்ப்போடும் குறிப்புகளோடும் யாழ்ப்பாணத்திலேயே பதிப்பித்தமை, அக்கல்வி ஆராயத்தக்க பொருளாக நின்றது என்பதற்குச் சான்று.

இக்காலத்து மாணவர் அந்நடுவரைத் தாமே அணுகலாம். பூமியின் நிழல் மதியில் விழுவதே சந்திர கிரகணம். ஆதலின் அது தொடங்கும் கணம் உலகெங்கும் ஒன்றே. மதி அடிவானுக்கு மேல் நிற்கும் இடத்தார்க்கே அது புலப்படும். கிறீனிச் நேரத்தோடு 5 மணி 30 நிமிடம் கூட்டினால் இலங்கை நேரம் வரும். பூரணை மதி சூரியன் மறையும் வேளையை ஒட்டி உதித்து, சூரியன் எழும் வேளையை ஒட்டி மறையும். ஆகவே கூட்டிவந்த நேரம் இரவில் அமையின் கிரகணம் நமக்குத் தெரியும். பகலில் அமையின் தெரியாது. 2025 செப்டெம்பர் 7ஆந் தேதிக் கிரகணம் கிறீனிச் நேரம் 16 மணி 27 நிமிடத்திற் தொடங்கியது. இங்கு அது இரவு 9 மணி 57 நிமிடம். நடு இரவில் முழு மறைவு.

பஞ்சாங்கத்தைக் கையில் ஏந்தி முற்றத்தில் நின்று, மணிக்கூட்டையும் மதியையும் மாறி மாறி நோக்குக. பொருந்தின் மகிழ்க, பொருந்தாவிடின் வேறுபாட்டைக் குறித்து வைக்க. சாஸ்திரியார் போற்றிய கலைக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு அதுவே.